கீழே இறங்க மேலே ஏறிய வண்டி

சென்ற வாரம் கலைச்செல்வியை எந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம்? வாயில் ஸ்க்ரூடிரைவர், தலையோ நர்ஸ் மெர்சியின் ஸ்கூட்டர் வயிற்றுக்குள். ஏழு நாள் அப்படியே குனிய வைத்ததற்கு அவள் கழுத்திடம் மன்னிப்பு. இனி நிமிரலாம்.

நிமிர்ந்தாள். வேலை முடிந்திருந்தது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக அந்த வண்டியின் பூர்வீகம். மெர்சி தூத்துக்குடிக்காரி. கொல்லிமலை மேல் இருக்கும் செம்மேட்டுக்கு மாற்றலாகி வந்த கையோடு வாங்கிய மின்சார ஸ்கூட்டர். உள்ளே ஐந்து ஈய பேட்டரி, ஒவ்வொன்றும் ஓர் அம்மிக்கல். விற்றவன் எண்பது கிலோமீட்டர் ஓடும் என்று சத்தியம் செய்திருந்தான். ஓடும்தான். தரை தண்ணீர் மாதிரி மட்டமாக இருந்து, காற்று முதுகில் அடித்து, ஓட்டுகிறவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால். கொல்லிமலை ஏற்றத்தில் அது நாலாவது வளைவில் மழைக்கால எருமையாகப் படுத்துக்கொள்ளும். பிறகு ஜீப்பில் வருகிறவர்கள் இறங்கி, அதைத் தூக்கி ஏற்றி, அதற்கு இடம் விட்டுத் தாங்கள் தொங்கிக்கொண்டு போக வேண்டும்.

கலைச்செல்வி ஐந்து அம்மிக்கல்லையும் கழற்றிவிட்டு லித்தியம் பேட்டரி வைத்தாள். நூலாக இருந்த ஒயரை உருவிப் போட்டுவிட்டுச் சுண்டுவிரல் கனத்துக்கு இழுத்தாள். மோட்டாரை ஆட்டிவைக்கும் கன்ட்ரோலரையும் மாற்றினாள். இனி இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டால் மோட்டாரே சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். பிடிக்கிற பிடியில் கரண்ட் உண்டாகி பேட்டரிக்கே திரும்பிப் போகும்.

இன்று சனிக்கிழமை. பரீட்சை. பின்னால் மெர்சியை உட்கார வைத்துக்கொண்டு அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கி, வழியில் எங்கும் சார்ஜ் போடாமல் செம்மேட்டுக்கு ஏறி வர வேண்டும். வந்துவிட்டால் மெர்சியோடு வேலை பார்க்கும் ஐந்து நர்ஸுகள் தங்கள் வண்டியையும் இப்படி மாற்றக் கொடுப்பார்கள். அதைவிடப் பெரியது, அப்பா செங்கோடனின் ரோட்டோரக் கொட்டகை. மிளகு காயப் போடும் அந்தத் தகரக் கொட்டகையின் சாவி நாளை ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் முன்னிலையில் ஒரு கைக்குப் போகப் போகிறது. கலைச்செல்விக்கு அங்கே ஒர்க் ஷாப் வைக்க வேண்டும்.

அதே சாவி மேல் இன்னொரு கையும் நீண்டுகொண்டிருக்கிறது. அக்கா யமுனாவின் புருஷன் தனபாலின் கை.

தனபாலைப் பற்றி எத்தனை வாரம் எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை. இதே மலையில், பலாச்சுளை வாசத்தில் பிறந்தவன். பத்து வருஷம் முன்னால் ராசிபுரத்துக்கு இறங்கி மின்சார ஸ்கூட்டர் கடை வைத்தான். அதற்குப் பிறகு மலைக்கு வரும்போதெல்லாம் மூக்கில் கர்ச்சீப். "இங்கெல்லாம் எப்படித்தான் மனுசன் இருக்கானோ!" என்பான், தான் பிறந்த வீட்டைப் பார்த்தபடி. பெயருக்கு முன்னால் இன்ஜினியர் என்று போட்டுக்கொள்வான். நாலு நாள் பயிற்சி. அதில் ஒரு நாள் சாப்பாட்டில் கறி இல்லை என்று தகராறில் போனது. கறுப்புக் கண்ணாடியை அவன் கழற்றிப் பார்த்தவர் ஊரில் யாரும் இல்லை. தூங்கும்போது யமுனாதான் கழற்றி வைக்கிறாளாம்.

அந்த மகான் நேற்றிரவு மாமனார் வீட்டில்தான் தங்கினான். சாப்பிடும்போது கலைச்செல்வியைக் கேட்டான்.

"ஏன் செல்வி, சார்ஜ் எவ்வளவு வெச்சிருக்க?"

"எண்பது சதவீதம் மாமா. போதும்."

"எண்பதா?" தனபால் சோற்றுக் கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தான். "அத்தை, கேட்டீங்களா? அரைக் குடம் தண்ணியோட சந்தைக்குப் போறாளாம் உங்க புள்ள. யூட்யூப்ல முழுசாப் பார்க்கறதுக்குள்ள நெட்டு தீர்ந்துடுச்சாட்ட இருக்குது!"

அம்மா பெருமாயி சிரித்தாள். மருமகன் சிரித்தால் மாமியாரும் சிரிக்க வேண்டும் என்று அவளுக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அப்பா செங்கோடன் மட்டும் சிரிக்கவில்லை. எண்பது என்ற சொல்லை ரசத்தோடு சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

கலைச்செல்வி மோரை ஊற்றிக்கொண்டாள். இவனுக்கு விளக்குவதைவிட வாசலில் கட்டியிருக்கும் ஆட்டுக்கு விளக்கலாம், அதுவாவது காதை ஆட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

விடிந்தது. கலைச்செல்வி குளித்துவிட்டு வருவதற்குள் பெருமாயி வண்டிக்குப் பூஜை போட்டு முடித்திருந்தாள். சும்மா பூஜையா? முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், கைப்பிடியில் கனகாம்பரம், மீட்டர் கண்ணாடி மேல் ஒரு பிடி சந்தனம், அதன் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். வேகம், சார்ஜ், மணி எதுவும் தெரியவில்லை. மீட்டருக்குக் கல்யாணம் ஆனது மாதிரி இருந்தது.

"அம்மா! மீட்டர் மேல ஏன் அப்புனீங்க? நம்பரு தெரிய வேணாமா?"

"நெத்தி எங்கிருக்குதோ அங்கதான வெக்கோணும்? வண்டிக்கு அதான் நெத்தி. கிளம்பற நேரத்துல பொட்டை அழிச்சயின்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், சொல்லிப்போட்டேன்."

அதற்குள் மெர்சி வந்துவிட்டாள். தன் பங்குக்கு அடுத்த கைப்பிடியில் ஜெபமாலை ஒன்றை மாட்டினாள். "ரெண்டு பக்கமும் ஆளு இருக்குல்லா, இனி பயமில்ல. எடு பிள்ள" என்று ஏறி உட்கார்ந்தாள்.

தனபால் தன்னுடைய ஸ்கூட்டர் சார்ஜரைச் சுருட்டி சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டு விசிலடித்தான். "நானும் பின்னாலயே வாரேன். வழியில நின்னுட்டீங்கன்னா ராசிபுரத்துக்குப் போன் பண்ண ஒரு ஆள் வேணுமில்ல?"

முதல் வளைவு. பிரேக்கைத் தொட்டதும் மோட்டார் 'உய்ங்' என்று பிடித்தது. சுமந்துகொண்டு இறங்குகிற ஆள் குதிகாலை ஊன்றுவது போல் வண்டி ஊன்றி ஊன்றி இறங்கியது. கலைச்செல்விக்கு அந்தச் சத்தம் காதில் தேனாக விழுந்தது.

இரண்டாவது வளைவு. 'உய்ங்.'

மூன்றாவது வளைவில் 'உய்' மட்டும் வந்தது. மீதி வரவில்லை.

சந்தனத்தின் ஓரத்தில் கசிந்த மீட்டர் வெளிச்சம் அணைந்தது. மோட்டாரின் பிடி விட்டது. இழுத்துப் பிடித்திருந்த கயிற்றை யாரோ வெட்டிவிட்டது போல் வண்டி முன்னால் பாய்ந்தது. கலைச்செல்வி இரண்டு கை பிரேக்கையும் விரல் வெளுக்க அழுத்தினாள். மெர்சி தனக்குத் தெரிந்த புனிதர்கள் அத்தனை பேரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள். அவர்களில் யாரோ ஒருவர் வேலையில்லாமல் இருந்திருக்க வேண்டும். வண்டி தடுப்புச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் கீழே மேகம்தான் தெரிந்தது.

"ஏ பிள்ள," என்றாள் மெர்சி, குரல் திரும்பியதும், "எனக்கு இன்னும் இருபத்திரெண்டு வருசம் சர்வீஸ் இருக்குட்டி."

பின்னால் 'உய்ங்' என்று அழகாக இறங்கி வந்தது தனபாலின் ஸ்கூட்டர். இறங்கியதும் அவன் செய்த முதல் காரியம், அடிபட்டதா என்று கேட்டது அல்ல. செல்போனை எடுத்து வீடியோவைப் போட்டான்.

"வணக்கம் நண்பர்களே! இங்க பாருங்க. மூணே மூணு வளைவு. வீட்டுச் சாய்ப்புக்குள்ள உக்காந்து ஒயர் முறுக்குற இன்ஜினியரம்மாவோட தயாரிப்பு. வண்டி நிக்குது. தங்கக் கம்பிகளே, தயவுசெஞ்சு வண்டியை முறையான கடையில கொடுங்க."

பலாப்பழம் ஏற்றிய லோடு வேன் ஒன்று பின்னால் நின்றது. அதற்குப் பின்னால் ஜீப். ஜீப்பில் பதினெட்டுப் பேர், மேலே ஆறு பேர், அவர்களுக்கு மேலே ஒரு சேவல். எல்லோரும் இறங்கிக் கூடிவிட்டார்கள், சேவல் உட்பட.

"பொம்பள ஓட்டற வண்டியாட்ட இருக்குது" என்றான் ஒருவன்.

"ஓட்டற வண்டி இல்லப்பா, பொம்பள செஞ்ச வண்டி" என்று திருத்தினான் இன்னொருவன். அதில் அவனுக்குக் கூடுதல் திருப்தி.

கலைச்செல்வி சாவியை மூடித் திறந்தாள். உயிர் வந்தது. பத்தடி மெல்ல உருட்டி பிரேக்கைத் தொட்டாள். மறுபடியும் இருட்டு. அவளுக்குச் சட்டென்று ஒரு சந்தேகம். அம்மாவின் கோபம் மலைமேல் இருக்கிறது, அது இறங்கி வர நேரமாகும். முந்தானையால் சந்தனத்தை ஒரே இழுப்பில் துடைத்தாள். சாவியைத் திறந்தாள்.

தொண்ணூறு இல்லை. தொண்ணூற்றொன்பது இல்லை. நூறு.

"சிஸ்டர், நான் எண்பதுல நிறுத்தி வெச்சேனுங்க. யாரோ முழுசா சார்ஜ் போட்டிருக்காங்க."

"நல்லதுதானே பிள்ள? கூடுதலா இருந்தா என்ன நட்டம்?"

"மலை மேல இருக்கிறவங்களுக்கு அது நட்டமுங்க. சந்தை அன்னிக்கு செம்மேட்டு பஸ்ஸு எப்படி இருக்கும்? மூச்சு விட இடம் இருக்காதில்லீங்க? இறக்கத்துல மோட்டார் இன்னும் பத்துப் பேரை ஏத்தப் பார்க்குது. உள்ளார இடமில்ல. பேட்டரிக்குள்ள ஒரு காவல் போர்டு இருக்குது, அது கண்டக்டராட்டம் கதவைச் சாத்திருது. அதிர்ச்சியில மொத்த வண்டியும் அணைஞ்சு போகுது. அதுக்குத்தான் எடம் விட்டு வெச்சேன்."

கீழே இருக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வீட்டிலிருந்து கிளம்பினால் அவர்களுக்கு முதலில் ஏற்றம். கொல்லிமலையில் குடியிருக்கிறவர்களுக்கு மட்டும்தான் வாசலைத் தாண்டினால் எல்லாத் திசையும் இறக்கம்.

கலைச்செல்வி திரும்பினாள். தனபால் இன்னும் வீடியோவில்தான் இருந்தான். அவளுக்குக் கண்ணெல்லாம் சிவந்தது.

"மாமா. ராத்திரி அரைக் குடம், அரைக் குடம்னு சிரிச்சீங்களே. நீங்கதான சார்ஜ் போட்டது?"

"நானா?"

"நீங்கதான். ஊட்டுல வேற யாருக்கு ஒயரைச் சொருகத் தெரியும்? கொட்டகை சாவிக்காக அடுத்தவங்க உசுரோட வெளையாடறீங்களா? சிஸ்டர் விழுந்திருந்தா? வெக்கமா இல்ல?"

ஜீப்புக் கூட்டம் 'ஓ' என்றது. தனபால் போனைக் கீழே இறக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியை மட்டும் நெற்றிக்கு ஏற்றினான். ஊரே முதன்முறையாக அவன் கண்ணைப் பார்த்தது. பார்க்கும்படியாக ஒன்றும் இல்லை.

"அறப்பளீஸ்வரன் மேல சத்தியம். என் விரல் உன் ஒயர் மேல பட்டிருந்தா இந்த விரல் அழுகட்டும். எல்லாரும் கேட்டுக்குங்க. வேலை தெரியல, பழியை மட்டும் போடத் தெரியுது."

சத்தியம் என்று வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. இந்த மலையில் அந்தச் சாமி பெயரைப் பொய்க்கு இழுக்கிறவன் கிடையாது. கலைச்செல்விக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. ஆனால் வண்டி நடுரோட்டில் நிற்கிறது.

"சிஸ்டர், ஏறுங்க. மேல போவோணும்."

"மேலயா? முள்ளுக்குறிச்சி கீழ இருக்கு பிள்ள."

"கீழ போகத்தானுங்க மேல போறோம்."

அடடா, அப்போது எழுந்த சிரிப்பை நான் எப்படி எழுதுவேன்! வேனிலிருந்த பலாப்பழமெல்லாம் குலுங்கியது. சேவல் இரண்டு தடவை கூவியது. தனபால் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். "நண்பர்களே, பார்த்துக்குங்க, வண்டி கீழ போகுது, ஆனா மேல போகுது!" என்று போனிடம் கதறினான்.

கலைச்செல்வி வண்டியைத் திருப்பினாள். ஆக்ஸிலேட்டரை அடி வரைக்கும் முறுக்கினாள். பகலிலேயே ஹெட்லைட்டைப் போட்டாள், ஹாரனை விடாமல் அமுக்கினாள், எவ்வளவு தீர்க்க முடியுமோ அவ்வளவும். மெர்சி தன் உடல் கனத்தை எண்ணி வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டாள். வீட்டையே தாண்டிப் போனார்கள். வாசலில் நின்ற பெருமாயி, போன மகள் மேலே வருவதையும், துடைத்த நெற்றியையும் பார்த்து, "ஐயோ, என்ற பொட்டு!" என்று கத்தியது மட்டும் காதில் விழுந்தது.

மீட்டர் தொண்ணூற்றிரண்டு காட்டியதும் திருப்பினாள்.

மூன்றாவது வளைவில் கூட்டம் அப்படியே காத்திருந்தது. ஜீப்புக்காரன் டிரிப்பையே விட்டுவிட்டான். கலைச்செல்வி பிரேக்கைத் தொட்டாள்.

'உய்ங்.'

நாலாவது. 'உய்ங்.' ஐந்தாவது. அதற்கப்புறம் எண்ண யாருக்கும் நேரமில்லை. சிரிப்புக்காகக் காத்திருந்தவர்கள் சிரிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார்கள்.

முள்ளுக்குறிச்சியில் ஆளுக்கொரு டீ குடித்தார்கள். மெர்சி பஜ்ஜியை ஊதிக்கொண்டே சொன்னாள்: "வேலை தெரிஞ்ச பிள்ளதான் நீ. நின்னதும் ஏன் நின்னுதுன்னு சொன்ன பாரு, அது போதும் எனக்கு. ஆனா அந்தாளு மேல சட்டுன்னு பழி போட்டது நல்லால்ல. சாமி பேரைச் சொல்லுதானே?"

"அவரு எதையும் சொல்லுவாருங்க சிஸ்டர்."

சொன்னாளே தவிர பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

ஏறும்போது வண்டி முனகவே இல்லை. பழைய எருமை படுக்கும் நாலாவது வளைவில் மெர்சி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது செம்மேடு பஸ் ஸ்டாண்டு. மீட்டரில் பதினேழு பாக்கி. பரீட்சை பாஸ்.

பாஸா? வீட்டுக்கு வந்தால்தான் தெரிந்தது. அவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் தனபால் முந்திக்கொண்டு மேலே ஏறி, வீடியோவை உலகத்துக்கே அனுப்பியிருந்தான். மலையில் சிக்னல் எப்போதாவதுதான் வரும். இன்றைக்குப் பார்த்து ஒவ்வொரு பாறை மேலும் வந்திருக்கிறது. அந்த ஐந்து நர்ஸுகளில் மூன்று பேர் "யோசிச்சுச் சொல்றோம்" என்று மெர்சிக்குச் செய்தி போட்டிருந்தார்கள்.

வாசலில் நாற்காலி போட்டு தனபால் உட்கார்ந்திருந்தான். ராஜ தர்பார். கையில் பெருமாயி போட்ட காபி.

"வா செல்வி. வண்டி வந்துருச்சு, சந்தோஷம். இப்ப என் விசயத்துக்கு வருவோம். அத்தனை பேர் முன்னால என்னைக் கொலைகாரன்னு சொன்ன. சாட்சி இருந்தா காட்டு. இல்லீன்னா இந்தப் போனைப் பார்த்து மன்னிப்புக் கேளு. ரெண்டும் இல்லீன்னா நாளைக்குச் சொந்தக்காரங்க முன்னால வெச்சுப் பேசிக்கலாம்."

"சாட்சியோட வாரேன், இருங்க" என்று கலைச்செல்வி வண்டி நிறுத்தும் சாய்ப்புக்குள் போனாள்.

சார்ஜர் ஆணியில் தொங்கியது. அவள் எப்போதும் ஒயரைக் கையில் சுற்றி அப்படியே மாட்டிவிடுவாள். இன்று அது ஒழுங்காகச் சுருட்டி, நாரால் கட்டியிருந்தது. முடிச்சைப் பார்த்தாள். தளர்த்தி, ஒரு விரல் நுழைய இடம் விட்டு, நுனியை உள்ளே மடித்த முடிச்சு. மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டுகிற முடிச்சு. கொடி நாளைக்குப் பருக்கும், இறுக்கக் கூடாது என்று இடம் விட்டுக் கட்டுவது. இந்த வீட்டில் அப்படிக் கட்டுகிற கை ஒன்றுதான்.

அப்பா.

கொடிக்கு அத்தனை இடம் விடுகிற மனுஷர் பேட்டரிக்கு இடம் விடவில்லை.

வெளியே எட்டிப் பார்த்தாள். செங்கோடன் முற்றத்து மூலையில் குத்துக்காலிட்டு, மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அதே ஒரு கூடையைத்தான் உதிர்க்கிறார். தலை நிமிரவில்லை.

இப்போது என்ன செய்வாள்? அப்பாதான் என்றால் சாட்சி கையிலேயே இருக்கிறது. ஆனால் நாளைக்குச் சாவி கொடுக்க வேண்டியவர் அவர். மகள் வண்டியைக் கெடுத்த கை என்று சொந்தக்காரர்கள் முன்னால் அவரை நிறுத்துவதா? இல்லாவிட்டால் தனபாலிடம் மன்னிப்புக் கேட்பதா? அவனிடம் கேட்பதற்கு மூன்றாவது வளைவில் விழுந்திருக்கலாம்.

நாரை அவிழ்த்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"போடுங்க வீடியோவை."

தனபால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு போனை நீட்டினான், தானும் படத்தில் தெரிகிற மாதிரி.

"மாமா சார்ஜ் போடல. அவசரப்பட்டுப் பேசிட்டேன். மன்னிச்சுக்குங்க." அவள் குரல் நிதானமாக இருந்தது. "தப்பு என்னோடது. யார் ஒயரைச் சொருகினாலும் எண்பதுல தானா நிக்கற மாதிரி சார்ஜரைச் செஞ்சிருக்கணும். எல்லார் ஊட்டுலயும் ஆளுங்க இருப்பாங்க, நல்லதுன்னு நெனச்சுச் சொருகுவாங்க. இனிமே வர்ற வண்டிக்கு அப்படித்தான் செய்வேன்."

"கடைசி வரி வேண்டாம். மன்னிப்பு மட்டும் போதும்" என்று தனபால் அங்கேயே வெட்டினான். அனுப்பினான். காபியின் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினான்.

"பெரிய மனசு பண்ணி விட்டுடறேன். சின்னப் புள்ளதான? மாமா, நாளைக்குக் காலையில யமுனாவைக் கூட்டிக்கிட்டு வாரேன். சாவிக்கு எண்ணெய் போட்டு வைங்க."

'உய்ங்' என்று போனான். அந்தச் சத்தம் வளைவில் தேய்ந்து மறைந்தது. பெருமாயி காபி டம்ளரோடு உள்ளே போனாள்.

கலைச்செல்வி அப்பாவுக்கு எதிரில் போய்க் குந்தினாள். கையை விரித்தாள். நார்.

செங்கோடன் அதைப் பார்த்தார். மிளகு உதிர்த்த கை நின்றது.

"நெறைஞ்சிருந்தா நல்லதுன்னு நெனச்சுட்டேன் கண்ணு. அரை வயித்தோட உன்னை அவ்வளவு தூரம் அனுப்பறதான்னு இருந்துச்சு. மாப்ள சொன்னதும் எனக்குச் சரின்னு பட்டுருச்சு."

"மாப்ள என்ன சொன்னாரு?"

"விடியால, நீ எந்திரிக்கறதுக்கு முந்தி. 'மாமா, புள்ள வண்டிக்கு நீங்க ஒரு ஒயரைச் சொருகி விடுங்க. பச்சை லைட்டு வர்ற வரைக்கும் எடுக்காதீங்க. அதுகிட்டச் சொல்ல வேணாம், ரோசக்காரி'ன்னாப்ல."

கலைச்செல்வி சார்ஜர் தொங்கிய சாய்ப்பைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குள் ஏதோ ஒன்று மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அறப்பளீஸ்வரன் மேல் சத்தியம். என் விரல் உன் ஒயர் மேல் படவில்லை. படவில்லைதான்.

"அவரும் தெரியாமச் சொல்லியிருப்பாருப்பா" என்றாள் கடைசியில். அவனை முட்டாள் என்று நம்புவது அவளுக்கு அத்தனை பழக்கமாகியிருந்தது. "நாலு நாள் படிச்சவரு. முழுசா இருந்தா நல்லதுன்னு நெனச்சிருப்பாரு."

"அதான் எனக்கும் புரியல சாமி. அவரு வண்டியும் பக்கத்துலதான நின்னுச்சு? அதுல சிவப்பு எரியறப்பவே ஒயரைப் புடுங்கிட்டாப்ல. 'உங்களுதுக்கும் பச்சை வரட்டுமே மாப்ள'ன்னேன். 'எனக்கு இது போதுமுங்க மாமா, இறக்கத்துல போறவன்தானே'ன்னு சிரிச்சாப்ல."

மூன்றாவது வளைவில் அழகாக இறங்கி வந்த அந்த 'உய்ங்' அவள் காதில் திரும்பக் கேட்டது. நூறு இருந்திருந்தால் அது கேட்டிருக்காது.

"சிவப்புதானா? நல்லாப் பார்த்தீங்களாப்பா?"

"அம்பது வருசமா மொளகுல எது பச்சை, எது செவப்புன்னு பார்த்துப் பறிக்கிற கண்ணு இது."

வாசகர்களிடம் நானும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை வாரமாக தனபாலை முட்டாள் என்றே எழுதி வந்தேன். அவனைக் குறைத்து எடை போட்டுவிட்டேன். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நாலு நாள் பயிற்சியில் ஒரு நாளாவது விழித்திருந்து அந்த ஒரு பாடத்தை மட்டும் கேட்டிருக்கிறான்.

கலைச்செல்வி நாரை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நாளைக்கு எல்லார் முன்னாலயும் இதைச் சொல்லுவீங்களாப்பா? சிவப்பு, பச்சை ரெண்டையும்?"

செங்கோடன் நாரை எடுத்தார். கட்ட எதுவும் இல்லாத வெறும் நாரில், ஒரு விரல் நுழைய இடம் விட்டு முடிச்சுப் போட்டார். அவிழ்த்தார். மறுபடியும் போட்டார்.

"யமுனா ஊட்டுக்காரனாச்சே, கண்ணு" என்றார்.